முகம் பார்த்துச் சோதிப்பதா, எல்லோரையும் ஒன்றாகச் சோதிப்பதா?

கோவை பீளமேடு விமான நிலையத்தில், சார்ஜாவுக்குப் புறப்படும் திருப்பூர் பனியன் வியாபாரியைத் தாடிக்காகவும் பெயருக்காகவும் தனியே அழைத்துச் சோதிப்பது ஒரு முறை. பச்சை பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி நிற்கும் விவசாயிக்கும் அவருக்கும் ஒரே சோதனை என்பது மற்றொரு முறை. முதலாவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள்.

ஆனால் 1986 ஏப்ரலில், லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்ரேலின் எல் அல் நிறுவன விமானம் ஏற வந்த, முகமோ பெயரோ சந்தேகம் தராத அயர்லாந்துக் கர்ப்பிணியின் பையில், அவருக்கே தெரியாமல் காதலன் வெடிகுண்டை மறைத்து வைத்திருந்தான். நிலையத்தின் எக்ஸ்ரே சோதனையைத் தாண்டிவிட்ட அந்தப் பையை, விமான நிறுவனக் காவலர்கள் பயணத்தைப் பற்றித் துருவிக் கேட்டு, கையால் சோதித்தே பிடித்தார்கள். ஆகவே பொதுச் சோதனையோடு பயண விவரத்தைக் கேட்பதை ஏற்கிறேன்; பெயருக்காக ஒருவரை ஊரார் முன்னிலையில் ஒதுக்கி நிறுத்துவதை ஏற்கவே மாட்டேன்.