ஒரே மேசையில் பார்க்கப்பட்ட ஒரு ஸ்கேன்: லண்டன் எண்டோமெட்ரியோசிஸ் நிலையம் ஒன்றின் சேவை குறித்து

14 வயதில் தொடங்கிய மாதவிடாய் வலிக்கு 31 வயதில்தான் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். இடைப்பட்ட காலத்தில் குடல் கோளாறு என்று ஒரு வைத்தியரும் மனஅழுத்தம் என்று இன்னொருவரும் சொன்னார்கள். கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்றார் அம்மா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் குடும்ப வைத்தியர் லண்டனில் உள்ள எண்டோமெட்ரியோசிஸ் நிலையம் ஒன்றுக்கு என்னை அனுப்பினார். குறைகளையும் எழுதப்போவதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

பிரித்தானிய மகளிர்நோய் உள்நோக்கியியல் சங்கம் இத்தகைய நிலையங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையே ஆழமாக ஊடுருவிய நோய்க்கான கடினமான சத்திரசிகிச்சையை ஆண்டுக்குக் குறைந்தது 12 பேருக்காவது செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. மகளிர்நோய் நிபுணரோடு குடல் சத்திரசிகிச்சை நிபுணர், சிறுநீர்ப்பாதை நிபுணர், ஸ்கேன் நிபுணர், வலி சிகிச்சைக் குழு, கருவளப் பிரிவு, எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே ஒரு விசேட தாதி ஆகியோர் இருக்க வேண்டும் என்று, இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது.

இது காகிதத்தில் அழகாகத் தெரியும் பட்டியல் மட்டுமல்ல என்பதை என் ஸ்கேன் வழியாகவே அறிந்தேன். மலம் கழிக்கும்போது வலிக்கிறது என்று முன்பு சொன்னபோது, வேறொரு வைத்தியசாலையில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருப்பதாகக் கூறி அனுப்பிவிட்டார்கள். வெளிப்பக்கத்திலிருந்து குடற்சுவரைத் துளைத்து வரும் நோய், உட்பக்கத்தைப் பார்க்கும் கருவிக்குப் பெரும்பாலும் தென்படாது. இந்த நிலையத்தில் பல துறை நிபுணர்களும் கூடும் கூட்டத்தில் என் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தை எல்லோரும் சேர்ந்து பார்த்தபோது, குடல் கருப்பையின் பின்புறத்தோடு ஒட்டியிருப்பதும், இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் நெருக்கப்பட்டிருப்பதும் தெரிந்தன. பின்னது வலியே காட்டாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக் கூடியது. மகளிர்நோய், குடல், சிறுநீர்ப்பாதை என மூன்று துறையினர் தனித்தனியே மூன்று தேதிகள் கொடுத்திருந்தால் யாராவது ஒருவர் அதைத் தவறவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இங்கே மூவரும் ஒரே நாளில், ஒரே மயக்கமருந்தில் வேலையை முடித்தார்கள்.

ஆயினும் இந்தச் சேவையைத் தாங்கி நிற்பது அந்தத் தாதிதான். வீட்டில் அம்மாவுக்கு நோயை விளக்கத் தமிழில் சொல் தேடி, கடைசியில் "கட்டி" என்று சொல்லிவிட்டேன். அம்மா அதைப் புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த சந்திப்புக்கு அம்மாவும் வந்தார். தாதி கைதுடைக்கும் தாள் ஒன்றை விரித்து, பேனாவால் கருப்பையையும் குடலையும் வரைந்து, இரண்டுக்கும் நடுவே சிலந்திவலை போலக் கோடுகள் இழுத்துக் காட்டினார். "புற்று இல்லைத்தானே பிள்ளை?" என்று அம்மா என்னிடம் ஒரு தடவை கேட்டார். அந்தத் தாள் இன்னமும் எங்கள் சாமியறை இலாச்சியில் இருக்கிறது.

குறைகள் உண்டு. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிக்கு ஏழு மாதம் காத்திருந்தேன். வலி சிகிச்சைப் பிரிவு வேறு கட்டடத்தில், வேறு கணினிப் பதிவோடு இயங்குவதால் 14 வயதிலிருந்து முழுக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, தாதி மூன்று வாரம் விடுமுறையில் சென்றபோது சேவையும் சேர்ந்து விடுமுறையில் போனதுதான். சத்திரசிகிச்சையின் பின் காய்ச்சல் வந்து அவரது எண்ணுக்கு நான்கு தடவை தகவல் விட்டும் பதில் இல்லை. அவசரப் பிரிவுக்குப் போனால், எனக்கு என்ன செய்தார்கள் என்பதை நான்தான் அங்கிருந்த இளம் வைத்தியருக்கு விளக்கினேன். இத்தனை துறைகளை இணைக்கும் முடிச்சை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவர் இல்லாத நாட்களுக்கு மாற்றாள் வைக்காதது திட்டமிடலின் பிழை, அவருடைய பிழையல்ல. இப்படியான நிலையத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள், தாதியின் எண்ணோடு அவர் இல்லாதபோது அழைக்க வேண்டிய எண்ணையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் 6, 12, 24 மாதங்களில் கேள்வித்தாள் நிரப்பிப் பெறுவதும் அங்கீகாரத்தின் ஒரு பகுதி. எனக்கு 12 மாதத் தாள் போன வாரம் வந்தது. மலம் கழிக்கும்போது வலி என்ற வரியில், முன்பு 10க்கு 8 என்று எழுதிய நான் இம்முறை 2 என்று எழுதினேன். விடுமுறை பற்றிச் சொல்ல அதில் கட்டம் எதுவும் இல்லாததால், பக்கத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.