ஓமனுக்கு வாடகைக் காரில் போகிறீர்களா? காப்பீட்டுத் தாளில் உள்ள சேசிஸ் எண்ணை முதலில் பாருங்கள்

துபாயிலிருந்தோ ஷார்ஜாவிலிருந்தோ வாடகைக் கார் எடுத்து, ஓமனில் இருக்கும் நண்பர்களையும் உறவினர்களையும் பார்க்கப் போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். டிசம்பர் தேசிய தின விடுமுறையில் எங்களுக்கு நடந்தது இது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவியையும் பிள்ளைகளையும் உட்காரவைத்துக்கொண்டு, ஓமனுக்குள் செல்லுபடியாகும் காப்பீடே இல்லாத ஒரு வண்டியை எல்லைவரை ஓட்டவைத்துவிட்டார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மஸ்கட்டில் ரூவி பகுதியில் என் கல்லூரித் தோழனின் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்து, தொட்டிலிட்டுப் பெயர் வைக்கும் நாள் அந்த விடுமுறையில் அமைந்தது. ஊரிலிருந்து பெரியவர்கள் யாரும் வர முடியாததால், நாங்கள்தான் வந்து நிற்க வேண்டும் என்று தோழனின் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். எங்களிடம் சொந்தக் கார் இல்லை. துபாயிலிருந்து மஸ்கட் சுமார் 450 கிலோமீட்டர். ஹத்தா வழியாக அல் வஜாஜா எல்லையைக் கடந்து, சோஹாரைத் தாண்டிக் கடற்கரைச் சமவெளியில் நேராகப் போனால் எல்லையில் நிற்கும் நேரம் நீங்கலாக ஐந்து மணி நேரப் பயணம். அதனால் வாடகைக் கார் எடுக்க முடிவு செய்தோம்.

அமீரகத்து வாடகைக் காரை ஓமனுக்குள் கொண்டுபோக மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று வண்டியின் முல்கியா, அதாவது பதிவு அட்டை. இரண்டாவது, இந்த ஓட்டுநர் இந்த வண்டியை ஓமனுக்குக் கொண்டுபோக எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று நிறுவனம் தரும் என்.ஓ.சி. மூன்றாவது, ஓமனில் செல்லுபடியாகும் காப்பீடு. இந்த மூன்றாவதில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது புகார் மனுவில் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர். "அண்ணா, விடுமுறை வந்தால் எங்கள் வண்டிகளில் பாதி மஸ்கட் ரோட்டில்தான் ஓடும். நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம், எல்லாம் கவரில் போட்டுத் தருகிறேன்" என்றார். வாடகை தனி. காப்பீட்டுக்கும் என்.ஓ.சி.க்கும் சேர்த்து 550 திர்ஹாம். டெபாசிட் 1,500 திர்ஹாம். கார் மாலையில் வருவதாக ஏற்பாடு. வந்ததோ இரவு பத்தரை மணிக்கு. கவரில் தாள்கள் இருந்தன, அரபியில், முத்திரையோடு. மறுநாள் அதிகாலை கிளம்ப வேண்டிய குடும்பத்திடம் அந்த நேரத்தில் தாளை நீட்டுவது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்க அலுவலகம் திறந்திருக்காத நேரம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஹத்தாவில் ஆளுக்கு 35 திர்ஹாம் வெளியேறும் கட்டணம் கட்டி, முத்திரை வாங்கி, அமீரகத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம். ஓமன் பக்கத்தில் இ-விசாவைப் பார்த்துப் பாஸ்போர்ட்டில் முத்திரையும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வண்டிச் சோதனை. அதிகாரி காப்பீட்டுத் தாளைப் பார்த்தார், வண்டியின் எண்பலகையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லி, விரலால் தொட்டுக் காட்டினார். தாளில் இருந்த வண்டி எண் எங்கள் காருடையது இல்லை. வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணும் வேறு. செல்லுபடிக் காலம் முந்தைய மாதமே முடிந்திருந்தது. வேறொருவர் வேறொரு காரில் போய்வந்த காப்பீட்டின் நகலை எங்கள் கவரில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த அதிகாரி எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, காப்பீடு விற்கும் கவுன்டர் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டி அனுப்பினார். அந்த மனிதருக்கு நன்றி. நிறுவனத்துக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை.

வரிசையில் நின்று 18 ரியாலுக்குப் புதிய காப்பீடு வாங்கினேன். ஒரு ரியால் கிட்டத்தட்ட ஒன்பதரை திர்ஹாம். ஆனால் செலவைவிட முக்கியமான ஒன்று இதில் இருக்கிறது. நான் எல்லையில் வாங்கியது மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே. நாம் மற்றவர் வண்டிமீது மோதினால் அவருடைய சேதத்துக்கு அது பொறுப்பேற்கும். நாம் ஓட்டும் வாடகைக் காருக்கு ஏதாவது ஆனால் அந்தச் செலவு முழுதும் நம் தலையில். நான் 550 திர்ஹாம் கொடுத்து வாங்கிய காப்பீடு மற்றவர் சேதம், வாடகைக் காரின் சேதம் இரண்டுக்கும் சேர்த்து என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அமீரகத்தில் எடுக்கும் முழுக் காப்பீட்டில் 'ஓமன் உண்டு' என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது உங்கள் காரின் சேதத்துக்கு மட்டும்தான். மூன்றாம் தரப்புக்கு, ஆரஞ்சு அட்டை எனப்படும் வெளிநாட்டுப் பயணத்துக்கான காப்பீட்டு அட்டையைத் தனியாக வாங்க வேண்டும். அதிலும் வண்டி எண், சேசிஸ் எண், தேதி மூன்றும் இருக்கும்.

எல்லையில் பிடிபடாமல் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் கெடுகிறது. வளைகுடா நாடுகளில் விபத்தில் உயிர் போனால், இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டப்படி இரத்தப்பணம் கொடுக்க வேண்டும். காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கட்டும். இல்லையென்றால் ஓட்டியவன் கட்ட வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் ஒருவன், வேறொரு நாட்டில், காவல் நிலையத்தில் நின்றுகொண்டு அந்தத் தொகைக்கு எங்கே போவான்? கவுன்டரில் இருந்தவருக்கு இது தெரியாததில்லை.

பெயர் சூட்டும் நிகழ்ச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் அந்தக் காரை மஸ்கட்டுக்குள் எடுக்கவே எனக்கு மனமில்லை. நிஸ்வா கோட்டைக்கு இரண்டு வண்டிகளில் போவதாகப் போட்ட திட்டத்தைக் கைவிட்டோம். மத்ரா கடற்கரைச் சாலைக்குத் தோழனே தன் காரில் எங்களை நெருக்கி உட்காரவைத்துக் கூட்டிப்போனான்.

திரும்பி வந்து காரை ஒப்படைத்த பிறகு அடுத்த கட்டம் தொடங்கியது. காப்பீட்டுப் பணத்தைக் கேட்டதும் மேலாளர் என்று ஒருவர் பேசினார். முன் பம்பரில் கீறல், அதற்கு 700 திர்ஹாம். போக்குவரத்து அபராதம் 600. சாலிக் எனப்படும் துபாய் சாலைச் சுங்கக் கட்டணம், சுத்தம் செய்த செலவு. டெபாசிட்டில் 40 திர்ஹாம்தான் மிச்சம் என்றார். காப்பீட்டைப் பற்றிக் கேட்டவர்களை வாயடைக்க டெபாசிட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது.

நான் விடவில்லை. துபாய் காவல்துறையின் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் அபராதம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம். பார்த்தேன், எங்கள் தேதிகளில் ஒன்றுமே இல்லை. ஓமன் பக்கத்து அபராதம் என்றால் ரசீதைக் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை. சாலிக் வாயிலுக்கு நேரத்தைப் பொறுத்து 4 அல்லது 6 திர்ஹாம்தான். இவர்கள் 10 போட்டிருந்தார்கள். பம்பர் கீறல் கார் எங்களிடம் வந்த இரவிலேயே இருந்தது. என் மனைவி தெருவிளக்கு வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிவந்து எடுத்த காணொளியில் அது தெளிவாகத் தெரிகிறது. காரைக் கொண்டுவந்த பையனின் குரலும் அதில் இருக்கிறது.

துபாய் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் இணையவழிப் புகார் கொடுத்தோம். ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, அந்தப் பொய்த் தாள், எல்லையில் வாங்கிய காப்பீடு, காணொளி எல்லாவற்றையும் இணைத்தோம். சாலிக் தவிர மீதி டெபாசிட் வங்கிக் கணக்கில் வந்துவிட்டது. காப்பீட்டுக்குக் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

தாளில் பெயர் இருந்த காப்பீட்டு நிறுவனத்துக்கும் அழைத்தேன். பாலிசி எண்ணைச் சொன்னதும் ஒரு நிமிடத்தில் விவரம் சொன்னார்கள்: பாலிசி உண்மையானது, வேறு காருக்கானது, காலாவதியானது. இதே எண்ணைக் கேட்டு ஏற்கெனவே இன்னொருவர் அழைத்திருக்கிறார் என்றும் சொன்னார்கள். அப்படியானால் ஒரே தாள் எத்தனை குடும்பங்களின் கவரில் போயிருக்கிறதோ! அடுத்த விடுமுறைக்குக் கார் பதிவு செய்திருப்பவர்கள், கிளம்பும் நாளுக்கு முன்பே காப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அலுவலக நேரத்தில் பாலிசி எண்ணைச் சொல்லி, காப்பீட்டு நிறுவனத்திடமே விசாரியுங்கள். முல்கியாவில் உள்ள சேசிஸ் எண்ணோடு கடைசி எழுத்துவரை ஒத்துப்பாருங்கள். தர மறுக்கிறார்கள், இரவுதான் கிடைக்கும் என்கிறார்கள் என்றால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.