‘1 டிபி, 30 நாள் ரெக்கார்டிங்’ என்று தலையில் கட்டப்படும் டிவிஆர்: குமரி மாவட்டத்தில் கேமரா போடுபவர்கள் கவனிக்க

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கடை. எட்டு கேமரா, ஒரு டிவிஆர் (கேமரா படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி). ‘1 டிபி, 30 நாள் ரெக்கார்டிங், ஃபுல் ஹெச்டி’ என்று வாயால் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் சரக்கை எடை போட்டபோது கணக்கு இடித்தது. இரண்டு வாரம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று பிளேபேக்கைத் திறந்தால், பதினோரு நாளுக்கு முன்னால் எதுவும் இல்லை. யாரும் அழிக்கவில்லை. அந்த டிஸ்க்கில் கொள்வதே அவ்வளவுதான், விற்றவருக்கு அது முதல் நாளே தெரியும்.

பிட்ரேட், அதாவது நொடிக்குப் பதியும் தரவின் அளவு, 1 எம்பிபிஎஸ் என்றால் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 10.8 ஜிபி தின்னும். எட்டுக்கு 86.4. ஆயிரம் ஜிபியை இதால் வகுத்துப் பாருங்கள், பதினொன்றரை நாள். அதுவும் படத்தை நன்றாகப் பிழிந்த பிறகு. 2 மெகாபிக்சல் கேமராவுக்கு ஹெச்.265-இல் (படத்தைச் சுருக்கும் புதிய முறை) 2 எம்பிபிஎஸ் ஆவது வைத்தால்தான் முகம் தெரியும். அப்போது 30 நாளுக்கு 5.2 டிபி ஆகிறது, 6 டிபி டிஸ்க் வாங்க வேண்டும். ஹெச்.264 மட்டும் உள்ள பழைய டிவிஆர் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. அசைவு வந்தால் மட்டும் பதியும்படி வைத்து நாளை நீட்டலாம் என்பார்கள். மரம் ஆடும் முற்றத்தில் நாள் முழுக்க அசைவுதான். டிவிஆர் அதிகபட்சம் எத்தனை டிபி டிஸ்க்கை ஏற்கும் என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

அடுத்தது ‘ஃபுல் ஹெச்டி’. அந்தக் கடை டிவிஆரின் அடிப்பக்க லேபிளில் சின்ன எழுத்தில் ‘1080என்’ என்றிருந்தது. ‘1080பி லைட்’ என்றும் போடுவார்கள். கேமரா 1920 × 1080 புள்ளி (பிக்சல்) அனுப்பினாலும் இது 960 × 1080 தான் பதியும், பிறகு பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். கேமராவில் எட்டு மீட்டர் அகலம் தெரிகிறது என்று வையுங்கள். பைக்கின் பின் நம்பர் பிளேட் 20 செ.மீ. அகலம். முழு 1080பி என்றால் அகலத்தின் 1920 புள்ளியில் அதற்கு 48 கிடைக்கும், அதுவே இழுபறிதான். 1080என் என்றால் 24. வண்டி டிஎன் 74-ஆ 75-ஆ என்பதுகூடத் தெரியாது. லைவ் படம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பதிந்ததைத் திருப்பிப் போட்டு, பெரிதாக்கிப் பாருங்கள். ‘5 எம்பி (மெகாபிக்சல்) லைட்’ என்பதும் இதே வித்தைதான்.

டிஸ்க்கிலும் கைவரிசை இருந்தது. மேலே கண்காணிப்பு டிஸ்க்குக்கான புது ஸ்டிக்கர். மெனுவில் ஹெச்டிடி பகுதிக்குப் போய் ‘ஸ்மார்ட்’ என்ற டிஸ்க்கின் உடல்நிலைப் பட்டியலில் 9-ஆம் எண்ணைப் பார்த்தால் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ 31,000-க்கு மேல், அதாவது வேறெங்கோ மூன்றரை வருஷம் இரவும் பகலும் ஓடிய டிஸ்க். புதியதில் இது ஒற்றை, இரட்டை இலக்கத்தில்தான் நிற்க வேண்டும். அதே பட்டியலில் 5-ஆம் எண்ணுக்கும் 197-ஆம் எண்ணுக்கும் நேரே கடைசியில் உள்ள மதிப்பு பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க்கின் பரப்பு கெட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நிமிட வேலை, மீதிப் பணம் கொடுக்கும் முன் செய்துவிடுங்கள்.

என்விஆர் (நெட்வொர்க் ஒயரில் வரும் ஐபி கேமராவுக்கான பதிவுப் பெட்டி) போடுபவர்களுக்கு: கொட்டேஷனில் விலை குறைவாகத் தெரிந்தால் பின்பக்கம் பிஓஇ போர்ட் (அதே ஒயரில் கேமராவுக்கு மின்சாரமும் தருவது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிஓஇ ஸ்விட்ச் தனிச் செலவு, அதைக் கடைசி நாளில்தான் சொல்வார்கள்.

கொல்லங்கோடு முதல் கன்னியாகுமரி வரை கடலோரத்தில் இன்னொன்று நடக்கிறது. உப்புக்காற்றில் பிஎன்சி முனை (கேமரா ஒயரை டிவிஆரில் செருகும் முனை) பச்சை பிடித்து ‘நோ வீடியோ’ வரும். ‘டிவிஆர் போச்சு, மாத்தணும்’ என்பார்கள். அந்த ஒயரைக் கழற்றி, படம் வரும் வேறு போர்ட்டில் செருகுங்கள். கோளாறு ஒயரோடு கூடவே போனால் டிவிஆர்மேல் தப்பில்லை, முனையோ கேமராவோ அடாப்டரோதான். முனையை மாற்ற ஆகும் செலவு டீக்காசு.

வளைகுடாவில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டைப் போனில் பார்ப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது அட்மின் பாஸ்வேர்ட். பொருத்துபவர் தன் கணக்கில் டிவிஆரைச் சேர்த்துவிட்டு உங்களுக்கு வெறும் ‘ஷேர்’ மட்டும் தருவது சகஜம். அவர் போனிலும் உங்கள் வரவேற்பறை தெரியும். அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, உங்கள் போனில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நீங்களே சேருங்கள்.

பில்லில் டிவிஆர் மாடல் எண், சீரியல் எண், டிஸ்க்கின் சீரியல் எண், எத்தனை நாள் பதிவு என்ற வாக்கு நான்கும் எழுத்தில் வேண்டும். டிவிஆர்மேல் ‘ஆர்’ (R) என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவெண் இருக்கும், ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் போட்டால் அசலா என்று தெரியும். தகராறு என்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

ரப்பர் கடைக்காரர் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. ‘சிசிடிவி செட் – 1’ என்று மட்டும் எழுதியிருந்தது.