ஊசி பாக்கெட் கேபினெட் வாங்கப் போகிறீர்களா? என் 23,600 ரூபாய் போன கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

கோபத்தில் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 23,600 ரூபாய். அதைச் சம்பாதிக்க எத்தனை பாக்கெட் ஊசி விற்க வேண்டும் என்று நேற்று ராத்திரி கணக்குப் போட உட்கார்ந்து, பாதியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

திருப்பூரில் வேலம்பாளையம் பக்கம் பத்துக்கு எட்டு ரூமில் தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கிறோம். வீட்டுக்காரர் மெக்கானிக். பகலெல்லாம் பவர்டேபிள் என்கிற தையல் யூனிட்டுகளை ஒவ்வொன்றாகச் சுற்றுவார், கல்லாவில் நான். பாபின், பெல்ட், எண்ணெய் என்று எல்லாம் வைத்திருந்தாலும் தினமும் ஓடுவது ஊசிதான். நேர்த்தையல் போடும் பவர் மெஷினுக்கு (நாங்கள் சிங்கர் என்போம்) டிபி-1, ஓரம் அடிக்கும் ஓவர்லாக்குக்கு டிசி-27, மடிப்புத் தையல் போடும் பேட்லாக்குக்கு யுஒய்-128. ஒவ்வொன்றிலும் 9, 11, 14, 16 என்று நம்பர்கள். பனியன் துணி என்றால் முனை உருண்ட பால் பாயிண்ட், மற்றதற்குச் சாதா முனை. ஜப்பான் வேண்டும் என்பார் ஒருவர், ஜெர்மனிதான் வேண்டும் என்பார் இன்னொருவர். கூட்டிப் பார்த்தால் அறுபது வகைக்கு மேல் வரும். அத்தனையும் பிஸ்கட் டப்பாவிலும் தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸிலும் கிடந்தன.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 9 நம்பர் ஊசியின் கனம் 0.65 மில்லிமீட்டர், 14 நம்பர் என்றால் 0.90. நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, மெல்லிய பனியன் துணிக்குத் தெரியும். தையல் ஓரத்தில் இழை அறுந்து, ஒரு துவைப்பில் ஓட்டை ஓட்டையாக விரிந்துவிடும். பீஸ் போனால் கூலிக்குத் தைக்க ஜாப் ஒர்க் எடுத்தவர் தலையில்தான் விழும், அவர் நேரே என் கடைக்குத்தான் வருவார். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இன்னும் கறார். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி கைக்கு வரும். ஊசி தீர்ந்து கடைக்கு வருகிறவருக்கு ஒரு நிமிடம்கூடப் பொறுமை இருக்காது. "அக்கா, டிபி லெவன் ரெண்டு பாக்கெட், சீக்கிரம்" என்பார், நான் மூன்று டப்பாவைக் கவிழ்த்துக் கொண்டிருப்பேன்.

அதனால்தான் கேபினெட் ஆசை. சிகாகோவில் பாய் என்ற ஊசிக் கம்பெனி நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கடை மேசையில் வைக்கிற மாதிரி வட்டமான தகரப் பெட்டி கொடுத்திருக்கிறது. உள்ளே குட்டி குட்டி மரக்குழாய்கள், குழாய்க்குள் மெஷின் ஊசி. மேல் தட்டைத் திருப்பினால் வேண்டிய குழாய் கைக்கு வரும். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம்.

அப்படித் தேடும்போதுதான் மொத்த வியாபாரிகளுக்கான ஓர் ஆன்லைன் சந்தையில் அது கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, வீண் வம்பு எதற்கு. 40 அறை, கிராவிட்டி மாடல். மேலே பாக்கெட்டை அடுக்கினால் போதும். கீழே ஒன்றை உருவினால் அடுத்தது தானாக இறங்கும். முன்னால் கண்ணாடி மாதிரி அக்ரிலிக், எது தீருகிறது என்று கல்லாவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். விலை 20,000, ஜிஎஸ்டி 3,600. ஆக 23,600.

விசாரித்த பத்தாவது நிமிடம் விற்பவனிடமிருந்து போன் வந்தது. நான் ஏமாந்தது அந்தப் போனில்தான், பணம் போட்டபோது அல்ல.

"தம்பி, எங்க கடையில பேப்பர் பாக்கெட்தான், பிளாஸ்டிக் டப்பி இல்லை. ஊசி பாக்கெட் ஒரு பக்கம் தடிமனா இருக்கும், அடுக்குனா சாயுமே?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, இவனுக்கு என்ன தெரியப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவன் சிரித்தான். "அக்கா, டிபி-1க்கு மெஷின்ல மாட்டுற தண்டு மெலிசு, ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல. டிசி-27, யுஒய்-128 எல்லாம் தண்டே ரெண்டு மில்லி. பத்து ஊசியும் ஒரே பக்கம் தலை வச்சுப் படுத்திருக்கும், அதனால தலைப்பக்கம் உப்பும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் ஒவ்வொரு சந்தும் தனித்தனியா வெட்டியிருக்கோம். சும்மா தகர டப்பா விக்கிற ஆள் இல்லீங்க்கா நாங்க."

முடிந்தது. ஊசியின் தண்டு கனத்தை மில்லியில் சொல்லும் ஆளை இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரரைத் தவிர இன்னும் ரெண்டு மெக்கானிக்குகளைத்தான் பார்த்திருக்கிறேன். நம்ம தொழில் ஆள் என்று மனசு விழுந்துவிட்டது. "ஊரு எது தம்பி?" என்று கேட்டேன். கோயம்புத்தூர் என்றான். சாப்பிட்டாச்சா என்றுகூட விசாரித்தேன், இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. வீடியோ ஒன்று அனுப்பினான். "சைட் வழியா போட்டா கமிஷன் புடிப்பாங்க, நேரா யுபிஐ போட்டா அஞ்சு பாக்ஸ் ஊசி ஃப்ரீ அக்கா" என்றான். பில் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. 3,600 ரூபாயை ஜிஎஸ்டி கிரெடிட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதையும் அவனே சொல்லிக் கொடுத்தான். வீட்டுக்காரர் மட்டும் "கோயமுத்தூர்தானே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். நான்தான் "சீசன் நேரத்துல கடையை யாரு பாக்கறது" என்று வாயை அடைத்தேன். அன்று மத்தியானமே 23,600 ரூபாயும் போய்விட்டது.

டோர் டெலிவரி என்று பேச்சு. லாரி ஆபீசுக்கு நானே போய் 1,150 ரூபாய் கட்டி எடுத்து வந்தேன். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அட்டையைக் கிழித்ததும் ஆசையாக ஒரு போட்டோ எடுத்து "வந்துருச்சு தம்பி, நல்லா இருக்கு" என்று அனுப்பினேன். தூக்கி நிறுத்தியதும் தகர விளிம்பு ஆள்காட்டி விரலைக் கிழித்தது. ஓரத்தை மழுக்கவே இல்லை. அறைகளை எண்ணினேன். 40 இல்லை, 24.

சரி, 24 ஆவது வேலை செய்யட்டும் என்று டிசி-27 பதினொன்றாம் நம்பரை எடுத்து ஓர் அறையில் இருபது பாக்கெட் அடுக்கினேன். கீழே முதல் பாக்கெட்டை உருவினேன், வந்தது. ரெண்டாவதும் வந்தது. மூன்றாவதை இழுத்தபோது மேலே இருந்த மொத்த அடுக்கும் விசிறி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் ஒரு பாக்கெட் குறுக்கே திரும்பிச் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நின்றது. தட்டினேன், அசையவில்லை. கம்பி விட்டு நெம்பினேன், பாக்கெட் கிழிந்து பத்து ஊசியும் அடித்தட்டில் சிதறியது. தனித்தனியாக வெட்டிய சந்து என்றானே, ஸ்கேல் வைத்து அளந்தேன். 24 அறையும் ஒரே அகலம், ஒரே ஆழம்.

அவன் அனுப்பிய வீடியோவை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அதில் இறங்குவது பேப்பர் பாக்கெட்டே இல்லை. வீட்டு மெஷினுக்கு வரும் அஞ்சு ஊசி பிளாஸ்டிக் டப்பி. அது எல்லாப் பக்கமும் ஒரே கனம், வழுக்கிக்கொண்டு இறங்கும். என் பாக்கெட் இதில் நிற்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஏன் நிற்காது என்பதை மில்லிக் கணக்கில் எனக்கே பாடம் எடுத்தவன் அல்லவா!

அந்த இலவச ஊசி தனிக் கதை. அஞ்சு பாக்ஸ், பாக்ஸுக்கு பத்து பாக்கெட், மொத்தம் 500 ஊசி. பெயர் பெற்ற கம்பெனியின் லேபிள், அச்சு மட்டும் கொஞ்சம் மங்கல். வீட்டுக்காரர் பத்து ஊசியைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் உருட்டினார். நேரான ஊசி சத்தமில்லாமல் உருளும். இதில் நாலு நொண்டி அடித்தன. காதில் நூலைக் கோத்து இப்படியும் அப்படியும் இழுத்தார், பத்து இழுப்பில் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்பே நான் ஒரு பாக்கெட்டை வாடிக்கைக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தேன். மறுநாள் நாலு பீஸைக் கொண்டுவந்து கல்லா மேல் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எட்டு வருஷ வாடிக்கை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இனி போன் கதை. முதல் நாள், "டிரைவிங்ல இருக்கேன் அக்கா." ரெண்டாவது நாள், "பாக்கெட்டைத் தலை ஒண்ணு கால் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி அடுக்குங்க." அதையும் செய்தேன். பாதி பாக்கெட் தலைகீழாகப் போய் நம்பர் படிக்க முடியவில்லை, ஏழாவது பாக்கெட்டில் மறுபடி சிக்கல். நாலாவது நாள், "உங்க ஊர் ஈரக்காத்துக்குப் பேப்பர் ஊறியிருக்கும்." திருப்பூரில், சித்திரை வெயிலில், ஈரக்காற்று! அப்புறம் "பேக்டரிக்கு அனுப்புங்க, அனுப்புற செலவு உங்களோடது" என்றான். எந்த பேக்டரி, விலாசம் கொடு என்றேன். அத்தோடு சரி. இப்போது அவன் போட்டோவும் தெரிவதில்லை, நான் அனுப்பும் மெசேஜும் போவதில்லை.

சந்தைக்காரர்களிடம் போனேன். மூன்று தடவை புகார் எண் கொடுத்தார்கள், மூன்று தடவையும் புது ஆள், மூன்று தடவையும் முதலிலிருந்து கதை. கடைசியில் வந்த மெயில் ரெண்டே வரி. பணம் எங்கள் தளத்துக்கு வெளியே கைமாறியது, நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே. கல்யாணத் தரகர்கூட இதைவிடப் பொறுப்பாகப் பேசுவார். வங்கியில் கேட்டால் நீங்களே யுபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்றார்கள். ஆடிட்டரிடம் அந்த பிடிஎஃப்பைக் காட்டினேன். "இது பில்லே இல்லைம்மா, புரோஃபார்மா, விற்கறதுக்கு முன்னாடி கொடுக்கற உத்தேசச் சீட்டு" என்றார். ஜிஎஸ்டி நம்பர் 27-இல் ஆரம்பிக்கிறது, அது மகாராஷ்டிரா. கோயம்புத்தூர் ஆள் என்றால் 33 இருக்க வேண்டுமாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் அந்த நம்பர் ரத்தாகி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. 23,600 ரூபாய் போன பிறகு அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்தேன்.

இதையெல்லாம் விழுங்கிவிட்டு இருந்திருப்பேன். நேற்று ராத்திரி அதே சந்தையில் அதே கேபினெட், வேறு கடைப் பெயரில் ஓடுவதைப் பார்த்தேன். மூன்றாவது படம் என் கடை! பின்னால் எங்கள் முருகன் காலண்டர், ஓரத்தில் என் பிஸ்கட் டப்பாக்கள். "வந்துருச்சு தம்பி" என்று நான் அனுப்பிய அதே போட்டோ. அடியில் "திருப்பூர் வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுத்து வேறு. இதைப் பார்த்து எந்த ஊரில் எந்த அக்கா இந்நேரம் பணம் போட்டுக்கொண்டிருக்கிறாளோ.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியதையெல்லாம் விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரமில்லை, தோன்றியதைச் சொல்கிறேன். நீங்கள் விற்கிற அதே பாக்கெட்டில் இருபதை அடுக்கி, கடைசி பாக்கெட் வரை வெட்டில்லாமல் உருவிக் காட்டும் வீடியோ கேளுங்கள். ஜிஎஸ்டி நம்பரை முதலில் தட்டிப் பாருங்கள். தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள், ஊசி இலவசம் என்றால் இன்னும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நான் பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டேன். கடைக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக நாமே வைத்து நடத்தும் கடைக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நான் திங்கட்கிழமை மனு போடுகிறேன்.

இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். டிபி லெவன் கேட்டு ஒருத்தர் வந்து நிற்கிறார். அதை எந்த டப்பாவில் வைத்தேன் என்று தேட வேண்டும்.