விண்கப்பலுக்கு எந்தப் பிணம் தோது? ஜோம்பி, நிழல், கயிற்றுப்பிணம்: ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்வெடுக்கும், பள்ளிக்கூடமும் லீவு, டைஸ் உருட்ட ஆள் தானாகச் சேரும். இந்தத் தடவை கீழக்கரையில் நாங்கள் ஆடியது, விண்வெளியில் பாய்மரக் கப்பல் ஓடுகிற மாயாஜாலக் கதை. விதிகள், டைஸ் உருட்டி வாயால் கதை ஓட்டுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 ஐந்தாம் பதிப்பு. அதே விளையாட்டுக்கு 1989இல் வந்த ஸ்பெல்ஜாமர் என்ற விண்வெளி உலகத்திலிருந்து இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஒவ்வொரு கப்பலும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் காற்றைச் சுமந்துகொண்டு போகும், கப்பலின் ஈர்ப்பு ஒரு தட்டையான தளமாகப் பக்கவாட்டில் நீளும். கதை நடத்துகிற டிஎம் நான். செத்தும் சாகாத வில்லன் ஒன்று வேண்டும். ஜோம்பி, நிழல் என்ற இருட்டுப் பேய், நானே ஒட்டுப்போட்டுச் செய்த கயிற்றுப்பிணம் என்று மூன்று போட்டியில் நின்றன. நான் எடுத்தது மூன்றாவதை. ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மூச்சு வேண்டாம், சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், விஷம் ஏறாது. இவை மூன்றுக்கும் பொது, விட்டுவிடலாம்.

தனுஷ்கோடிப் பேய்களை வைக்கலாமே என்று பையன்கள் கேட்டார்கள். மாட்டேன் என்றேன். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போனவர்களின் சொந்தபந்தம் இருக்கிற கரை இது. அவர்களை வாளால் வெட்டி விளையாட எனக்கு மனசு வரவில்லை.

ஜோம்பிக்கு 22 ஹெச்பி (உயிர்ப்புள்ளி), கவசம் வெறும் 8 (எண் குறையக் குறைய அடிப்பது சுலபம்), நடையும் மெதுவு. விண்வெளியில் அதற்கு ஒரு அழகு உண்டு. கப்பலுக்கு வெளியே தள்ளினாலும் ஈர்ப்புத் தளத்தில் மாட்டிக் கப்பலை ஒட்டியே மிதக்கும். மூச்சுமுட்டிச் சாகவும் சாகாது. ஆடுகிறவர்கள் மறுநாள் எட்டிப் பார்த்தால் அதே மூஞ்சி. சரி, பிரமாதம். ஆனால் ஜோம்பி விழும்போதெல்லாம் ஒரு டைஸ் உருட்ட வேண்டும்: 5 கூட்டல் வாங்கிய அடி, அந்த எண்ணை எட்டினால் 1 ஹெச்பியோடு எழுந்துவிடும். கிரிட்டிகல் அடியும் (டைஸில் 20 விழுந்த அடி) ஒளி அடியும் விதிவிலக்கு. ஒரு ஜோம்பிக்கு இது சுவாரசியம். எட்டு வந்தால் எது எழுந்தது, எது கிடக்கிறது, எது 1 ஹெச்பியில் நிற்கிறது என்று கணக்குப்பிள்ளை வேலைதான் மிச்சம்.

இந்த மேசைக்கணக்குதான் என் தராசு. புத்தகத்தில் படிக்கும்போது எல்லாப் பேயும் பயமாகத்தான் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு, கரண்ட் போய், செல்போன் வெளிச்சத்தில் ஐந்து பேரின் சண்டையை நடத்தும்போது, டிஎம் எத்தனை எண்களை மனசில் வைத்திருக்க முடிகிறது என்பதுதான் பேச்சு. எண்ணைத் தேடுகிற அந்த அரை நிமிடத்தில் பயம் இறங்கிப் போய்விடும்.

அந்த வகையில் நிழல் இன்னும் மோசம். 16 ஹெச்பிதான், ஒரு அங்குலச் சந்து இருந்தால் நுழைந்துவிடும். அடிபட்டவரின் பலத்தில் ஒன்று முதல் நான்கு வரை குறையும். பூஜ்யம் ஆனால் ஆள் காலி. கேட்க ஜோர். ஆனால் பலம் குறைந்தால் வாள்வீச்சின் கூட்டல் மாறும், அடியின் கூட்டல் மாறும், சுமக்கிற எடை மாறும். ஆளாளுக்கு ரப்பரை எடுத்து, தங்கள் பாத்திரத்தின் எண்கள் எழுதிய தாளை அழிக்கிறார்கள். வெயிலில் நிழலின் அடி தளர்ந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. சூரியனுக்குப் பக்கத்தில் ஓடுகிற கப்பலில் ராத்திரியே கிடையாது. மேல்தளத்தில் அதற்கு வேலையில்லை, சரக்கறையில்தான் முடங்க வேண்டும்.

அப்புறம் கயிற்றுப்பிணம். எங்கள் ஊரில் சங்கு குளிப்பதைப் பற்றிக் கேட்டு வளராத பிள்ளை கிடையாது. வாலிநோக்கம் பக்கம் ஒருகாலத்தில் பழைய கப்பல்களையும் உடைத்தார்கள். இரண்டையும் சேர்த்து விண்வெளிக்கு அனுப்பினேன்: செத்த கப்பல்களில் சாமான் எடுக்க, இடுப்பில் கயிறு கட்டி வெற்றிடத்தில் குதிக்கிறவர்கள். மேலே கயிறு பிடித்தவன் விட்டுவிட்டு ஓடிப்போனதால் திரும்பாதவன்தான் இந்தப் பிணம்.

அடிப்படை எண்கள், வைட் என்ற செத்தும் சாகாத போர்வீரனுடையவை: 45 ஹெச்பி, கவசம் 14. வில்லையும் உயிர் உறிஞ்சலையும் கழற்றிவிட்டேன். அதற்குப் பதில் 30 அடிக் கயிறு. பட்டால் சுற்றிக்கொள்ளும், அடுத்த முறை ஆளோடு வெளியே குதிக்கும். விதிப்படி மூச்சடக்கும் நேரம் 1 கூட்டல் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர் (உடல் உறுதிக்கான கூட்டல் எண்) நிமிடம். +2 உள்ளவருக்கு 3 நிமிடம், அதாவது ரவுண்டுக்கு 6 விநாடி என்று 30 ரவுண்ட். அதற்குள் சண்டை முடிந்து பாய் சுருட்டிவிடலாம். எனவே கயிறு இறுகும்போதே நெஞ்சிலிருந்த மூச்சு போய்விடும் என்று வைத்தேன். மிஞ்சுவது மாடிஃபையர் அளவு ரவுண்ட், குறைந்தது ஒன்று. இழுபட்டவர் முன்னால் ஒரு டைஸை வைத்து ரவுண்டுக்கு ஒன்று குறைத்துத் திருப்புவேன். மொத்தக் கணக்கும் அந்த ஒரு டைஸ்தான், எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

தாளை யாரும் பார்க்கவில்லை. டைஸில் 2 தெரிந்ததும் சின்னவன் கயிற்றை வெட்டுகிறேன் என்றான். மூத்தவர் பாதி எழுந்தேவிட்டார்: “வெட்டாதடா! வெட்டினா ஆளு போயிரும். இழு!” சின்னவனிடமிருந்து பதில் வந்தது (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்): “காக்கா, இழுத்தா அதுவும் சேந்து வருமே!” வரும்தான். பிணத்தைக் கயிற்றோடு மேலே ஏற்றி, கயிற்றைச் சுருட்டி வைத்தால்தான் அது அடங்கும். வெட்டிவிட்டால் வேதாளம் முருங்கை மரம் ஏறிய கதைதான், அடுத்த துறைமுகத்துக்கு முன்னால் திரும்ப வரும். ஒரே ராட்சசனை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்பதில் டிஎம்முக்கும் லாபம்.

குறையும் உண்டு. 2022 ஸ்பெல்ஜாமரில் ஏர் பபிள் என்றொரு இரண்டாம் நிலை மந்திரம் இருக்கிறது. தலையைச் சுற்றிக் காற்றுக்குமிழி போட்டுவிடும். அதைக் கற்றவர் கூட்டத்தில் இருந்தால் என் பிணத்தின் பல் பிடுங்கியாயிற்று. மூச்சே விடாத பாத்திரங்களிடமும் பாச்சா பலிக்காது. ஐந்தாம் லெவலுக்கு மேல் நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அங்கே 45 ஹெச்பி இரண்டு ரவுண்டுகூடத் தாங்காது என்றுதான் தோன்றுகிறது. பிணங்களே ஆளும் ஈயாக்ஸ் கிரகம் இருக்கிற ஸ்டார்ஃபைண்டர் என்ற இன்னொரு விண்வெளி ஆட்டத்திலும் சோதிக்கவில்லை. அங்கே விண்வெளி உடை சர்வசாதாரணம், கயிறு எடுபடுமோ என்னவோ.

இரண்டு பேர் மட்டும் ஆடுவதென்றால் தயங்காமல் நிழலை எடுங்கள். அழிக்க வேண்டிய தாள் இரண்டே இரண்டு. கயிற்றுப்பிணத்தை வைத்தால் ஒருவர் வெளியே போனதும் இழுக்க ஒரே ஆள்தான். நாலைந்து பேர் இருந்தால் கயிற்றுப்பிணம், சண்டைக்கு ஒன்று மட்டும்.