ஷட்டர் ஸ்பிரிங் மாற்ற ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால்

குளச்சல் பக்கம் எங்கள் வீடு. கடலுக்குக் கூப்பிடு தூரம். கார் ஷெட்டுக்குப் பத்தடி அகலத்தில் ஷட்டர் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலை, ஐந்து மணி இருக்கும், ஷெட்டுக்குள் டங்கென்று பெரிய சத்தம். தேங்காய் விழுந்திருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டோம். ஏழு மணிக்குக் காரை எடுக்கப் போனால் ஷட்டர் எழும்பவில்லை. நானும் மனைவியும் சேர்ந்து தம் பிடித்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. அன்று ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு நாகர்கோவிலில் கண் ஆபரேஷன்.

ஸ்பிரிங் உடைந்தால் இப்படித்தான் ஆகும். மேலே பெட்டிக்குள் குறுக்காக ஒரு பைப் கிடக்கும். அதில் கம்பிச் சுருள்களைக் கோத்திருப்பார்கள். எங்கள் ஷட்டரில் நான்கு. ஷட்டரை இறக்கும்போது அவை முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் எடையைத் தாங்கிக்கொள்ளும். ஒன்று போனாலே அது தாங்கிய கனம் நம் கைக்கு வந்துவிடும். மற்ற மூன்றும் நன்றாக இருக்கிறதா என்று கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. ஏமாற்றுகிறவனுக்கு இதுதான் வசதி.

ஷட்டர் தகட்டிலேயே யாரோ என்றோ மஞ்சள் பெயின்டில் ஒரு போன் நம்பரை அச்சடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைக் கூப்பிட்டேன். “வந்து பார்க்க முன்னூறு ரூபாதான் சார்.” அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, காரை வெளியே எடுத்தோம். “நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க சார், வரும்போது வேலை முடிஞ்சிருக்கும்” என்றார் மூத்தவர். வீட்டில் மனைவியும் மகளும் இருந்ததால் நானும் கிளம்பிவிட்டேன்.

அப்பாவை உள்ளே கொண்டுபோன நேரம் பார்த்து போன். “நாலு ஸ்பிரிங்கும் போச்சு சார். பைப்பும் வளைஞ்சிருக்கு. இப்படியே விட்டா எப்ப வேணாலும் விழும், கொச்சுப் பிள்ளை இருக்கிற வீடு.” எல்லாம் சேர்த்து 13,800 ரூபாய். குழந்தையைச் சொன்னதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சரி என்றேன். அங்கிருந்தே போனில் பணத்தையும் அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது ஷட்டர் ஒரு விரலுக்கு எழும்பியது. ஸ்பிரிங் நான்கும் கருகருவென்று மின்னின. கழற்றிய பழையது எங்கே என்று போன் போட்டுக் கேட்டால், “அது இரும்புக்கடைக்குப் போயாச்சு சார்.” பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் சைக்கிளை வெளியே இறக்கிக்கொண்டிருந்தாள். முழுக்க ஏறி நின்ற ஷட்டர் தானாகச் சரசரவென்று இறங்கி, சைக்கிளின் பின் மட்கார்டை நசுக்கிக்கொண்டு தரையில் மோதியது. அவளுக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மறுநாள் திங்கள்சந்தையிலிருந்து தெரிந்த ஷட்டர்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். பைப்பில் ரெஞ்சை வைப்பதற்கு முன் எங்களைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். முறுக்கு மிச்சமிருக்கிற ஸ்பிரிங் கைதவறினால் ரெஞ்ச் சுற்றி வந்து மணிக்கட்டை உடைத்துவிடுமாம். கழற்றியதை என் கையில் கொடுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிக் காட்டினார். கறுப்பு பெயின்ட் பொருக்காக உதிர்ந்தது. அடியில் செந்துரு, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக. “இது புதுசு இல்ல மக்கா. எங்கயோ கழட்டின சாதனத்துக்கு பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்கான்” என்றார். ஒன்றின் கொக்கி முனையே இல்லை, கட்டுக்கம்பியால் இறுக்கிவைத்திருந்தது. அந்தக் கம்பிதான் அறுந்திருக்கிறது.

பைப் மாற்றியதாகவும் காசு வாங்கியிருந்தார்களே, அதையும் பார்த்தோம். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது தெறித்த பச்சைச் சொட்டு அதில் அப்படியே இருந்தது. அது எங்கள் பழைய பைப்பேதான். “கடக்கரையில ஒரு ஸ்பிரிங் உடையும், சரி. நாலும் ஒரே நாளில எப்படி உடையும்?” என்று அண்ணாச்சி கேட்டார். நல்லதாக இருந்த எங்கள் ஸ்பிரிங்குகள் இப்போது எவர் வீட்டு ஷட்டரில் கிடக்கின்றனவோ.

அவர் நான்கு புது ஸ்பிரிங்கும் கூலியுமாக 5,200 ரூபாய் வாங்கினார், பில்லோடு. கம்பியின் கனத்தை அளந்து, ஷட்டர் எடைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டினார். உப்புக்காற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங்கில் எண்ணெய் விடச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைச் செய்ததில்லை.

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஸ்பிரிங் உடைந்தால், இறங்கி நிற்கிற ஷட்டர் அப்படியே நிற்கட்டும். அது மூடிக் கிடக்கிறவரை யார் தலையிலும் விழப்போவதில்லை. அவசரம் நமக்குத்தான், ஆட்டோ பிடித்துப் போய்விட்டு மறுநாள் ஆளைக் கூப்பிட்டிருந்தால் எனக்கு இந்த நிலை இல்லை. பெட்டியைத் திறந்ததும் உடைந்தது எது என்று காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். நல்லதாக இருப்பதில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். புதிது என்று கொண்டுவருவதை மாட்டுவதற்கு முன் சாவியால் சுரண்டிப் பாருங்கள். கழற்றியது எதுவும் உங்கள் கண்ணில் படாமல் வண்டியில் ஏறக்கூடாது. பக்கத்தில் நிற்க நேரமில்லாத நாளில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியிருக்கிறேன். அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் போனில் பணம் போன பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் என்னிடம் இருக்கின்றன. அந்த நான்கு ஸ்பிரிங்குகளையும் சாக்கில் கட்டி ஷெட்டில் வைத்திருக்கிறேன்.