லாங் என்றால் எத்தனை பைட்? லினக்ஸும் விண்டோஸும் பிரிந்த இடம்

சி மொழியில் முழு எண்ணை வைக்கும் வகைகளில் ஒன்றான லாங் எத்தனை பைட் என்று யாராவது கேட்டால், "எந்த சிஸ்டத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே 64 பிட் லேப்டாப், ஒரே நிரல், லினக்ஸில் கம்பைல் செய்தால் 8, விண்டோஸில் 4. எனக்கு இது ஒரு கோப்பின் மூலம்தான் தெரிய வந்தது. லினக்ஸில் இரண்டு லாங் உள்ள ஒரு ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைப்பது) அப்படியே கோப்பில் எழுதி வைத்திருந்தேன், விண்டோஸில் அதைத் திறந்தால் முதல் எண் சரியாக வருகிறது, இரண்டாவது எப்போது பார்த்தாலும் பூஜ்யம். முதல் எண்ணின் மேல்பாதி 4 பைட்டைத்தான் இரண்டாவது எண் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

மொழியின் விதிகளில் தேடினால் குறைந்தபட்ச அளவுதான் இருக்கிறது. வழக்கமான முழு எண் வகையான இன்ட் குறைந்தது 16 பிட், லாங் குறைந்தது 32, சி99-இல் வந்த லாங் லாங் குறைந்தது 64. மிச்சத்தை சிஸ்டம் செய்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். 32 பிட் காலத்தில் இன்ட், லாங், நினைவக முகவரியை வைக்கும் பாயிண்டர் மூன்றும் 4 பைட்டாகவே இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை, பாயிண்டரை இன்ட்டில் போட்டு வைத்தாலும் ஓடியது. 64 பிட் வந்தபோது பாயிண்டர் 8 பைட் ஆகியே தீர வேண்டும், கூடவே யாரையெல்லாம் பெரிதாக்குவது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

யுனிக்ஸ் பக்கம் லாங்கும் பாயிண்டரும் 64, இன்ட் 32-லேயே இருக்கட்டும் என்றார்கள். இதற்கு எல்பி64 என்று பெயர். 90-களில் ஆல்ஃபா ப்ராசஸருக்கு டிஜிட்டல் நிறுவனம் கொடுத்த யுனிக்ஸ் இப்படித்தான் இருந்தது, இன்று லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி எல்லாம் இதே வழி. லாங்கில் ஒரு முகவரி அடங்கும் என்ற பழைய நம்பிக்கை இதில் உடையவில்லை, லினக்ஸ் கெர்னல் இன்றும் முகவரிகளை அன்சைன்ட் லாங்கில்தான் வைத்திருக்கிறது. நேரத்தைக் குறிக்கும் டைம்_டி அங்கே லாங்தான் என்பதால் அதுவும் தானாகவே 64 பிட் ஆகி, 2038 ஜனவரி 19 அன்று 32 பிட் கடிகாரத்துக்கு வரும் சிக்கல் 64 பிட் லினக்ஸில் இல்லாமல் போனது. அடிபட்டது, இன்ட்டும் லாங்கும் ஒன்றுதான் என்று நம்பி எழுதிய நிரல்கள்.

விண்டோஸ் எடுத்தது எல்எல்பி64. பாயிண்டரும் லாங் லாங்கும் மட்டும் 64, லாங் 32-லேயே நின்றது. இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. விண்டோஸின் ஹெடர்கள் (நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகள்) முழுக்க லாங் பரவியிருக்கிறது, அங்கே எங்கும் வரும் டிவேர்ட் என்ற வகையே அன்சைன்ட் லாங்தான். பிட்மேப் படக் கோப்பின் தலைப்பில் அகலமும் உயரமும்கூட லாங். அதை 8 பைட் ஆக்கியிருந்தால், ஹெடரை நம்பி அந்தத் தலைப்பை அப்படியே படிக்கும் ஒவ்வொரு நிரலும் பழைய படங்களைத் தப்பாகப் படித்திருக்கும். விலை வேறு இடத்தில் கொடுத்தார்கள்: லாங்கில் பாயிண்டர் அடங்காததால், விண்டோவோடு ஒரு மதிப்பைச் சேர்த்து வைக்கும் செட்விண்டோலாங் இருந்த இடத்தில் செட்விண்டோலாங்பிடிஆர் வந்தது. கோப்பில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல் லாங்கைத் திருப்பித் தருவதால், 64 பிட் விண்டோஸிலும் 2 ஜிபி-க்கு மேல் போன கோப்பில் அதை நம்ப முடியாது.

இந்தப் பிரிவு சி-யோடு நிற்கவில்லை. பைத்தானில் எண் கணக்குகளுக்கான லைப்ரரியான நம்பை, முழு எண்களுக்கு இயல்பான வகையாக சி-யின் லாங்கை வைத்திருந்ததால், லினக்ஸில் சரியாக வந்த பெருக்கல் 64 பிட் விண்டோஸில் 32 பிட்டில் சுற்றி மைனஸில் வந்து நிற்கும். 2024-இல் வந்த நம்பை 2.0-இல்தான் விண்டோஸிலும் 64 பிட் ஆக்கினார்கள்.

ஐஎல்பி64 என்று இன்ட்டையும் 64 ஆக்கும் வழி ஒன்று இருந்தது, ஆனால் ஷார்ட் 16 என்றால் 32 பிட்டுக்கு என்று ஒரு வகையே மிஞ்சாது, அதனால் பெரிதாக யாரும் தொடவில்லை. 2012-இல் லினக்ஸ் 3.4-இல் வந்த எக்ஸ்32 எதிர்த்திசையில் போனது: ப்ராசஸர் 64 பிட்டாகவே ஓடும், பாயிண்டரும் லாங்கும் 4 பைட். நினைவகம் மிச்சமாகும் என்பது நல்ல யோசனைதான், ஆனால் அத்தனை லைப்ரரியையும் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும், ஒரு நிரலுக்கு 4 ஜிபி-தான். ஜாவா இதையே சாமர்த்தியமாகச் செய்கிறது. ஆப்ஜெக்ட்கள் 8 பைட் எல்லையில்தான் தொடங்கும் என்பதால் முகவரியை 8-ஆல் வகுத்து 32 பிட்டில் வைக்கிறார்கள், 32 ஜிபி வரை போகலாம்.

சின்ன போர்டுகள் பக்கம் வந்தால் அர்டுயினோ ஊனோ ஆர்3-இல் இன்ட் 2 பைட்தான். ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று டிலேக்குள் 60 * 1000 என்று கொடுத்தால் பெருக்கல் 32767-ஐத் தாண்டி -5536 ஆகும், அது அன்சைன்ட் லாங்காக மாறும்போது 4294961760 மில்லிசெகண்ட், அதாவது 49 நாளுக்கு மேல் போர்டு அசையாது. ஊனோ ஆர்4-இல் இன்ட் 4 பைட், அதே வரி ஒரு நிமிடம் நிற்கும்.

எல்பி64-ஆ எல்எல்பி64-ஆ என்றால், புதிதாகத் தொடங்குபவனுக்கு எல்பி64 சுத்தம், கையில் அத்தனை பழைய நிரலை வைத்திருந்த விண்டோஸுக்கு எல்எல்பி64 சரி. இரண்டு பக்கமும் ஓட வேண்டிய நிரலில் நான் லாங்கைத் தொடுவதே இல்லை. எண்ணுக்கு இன்ட்32_டி அல்லது இன்ட்64_டி, நீளத்துக்கு சைஸ்_டி, பாயிண்டரை எண்ணாக வைத்தே ஆக வேண்டும் என்றால் இன்ட்பிடிஆர்_டி. அந்தக் கோப்பு விஷயத்திலும் ஸ்ட்ரக்டில் இருந்த இரண்டு லாங்கை இன்ட்64_டி ஆக்கினேன், அவ்வளவுதான், லினக்ஸில் முன்பே எழுதி வைத்திருந்த கோப்புகள்கூட விண்டோஸில் இரண்டு எண்ணோடும் திறந்தன.